பழையாற்றை விட்டு வந்த பிறகு பழைய ஆசை திரும்பியிருக்கிறது: இங்கிருந்து என்ன செய்யலாம்?

குளத்தங்கரை, டோர்ட்முண்ட்

அனைவருக்கும் வணக்கம். என் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில், பழையாறு என்னும் ஆறு பாயும் பகுதியில், தேரூருக்கு அடுத்த ஒரு சிற்றூர். கணவரின் வேலை காரணமாக மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகருக்குக் குடிவந்தோம். சில மாதங்களாக என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் ஒன்றை, நம் மாவட்டத்திலிருந்து வெளியே போனவர்களும் ஊரிலேயே இருப்பவர்களும் சேர்ந்து புழங்கும் இந்த இடத்தில் கேட்கலாம் என்று நினைக்கிறேன். கொஞ்சம் நீளமாகிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாகர்கோவிலில் கல்லூரியில் படித்த நாட்களில் நாங்கள் ஏழு பேர் ஒரு குழுவாக இருந்தோம். மார்கழி, தை மாதங்களில் இருட்டு விலகும் முன்பே முதல் பேருந்தைப் பிடித்துத் தேரூர்க் குளத்துக்கும் சுசீந்திரம் குளத்துக்கும் போய், இரவல் வாங்கிய ஒரே ஒரு இருநோக்கியைக் கைமாற்றிக் கைமாற்றிக் கண்ணில் வைத்து, ஊசிவால் வாத்து எத்தனை, நீலச்சிறகி எத்தனை, கூழைக்கடா எத்தனை என்று எண்ணிக் குறிப்பேட்டில் எழுதுவோம். நான்குவழிச் சாலைக்காகக் குளங்களுக்குள் மண் கொட்டத் தொடங்கியபோது வீடு வீடாக நடந்து கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்தோம். மனுவுக்குப் பதில் வரவில்லை. மண் லாரிகள் வந்தன. அதன் பிறகு ஒவ்வொருவராகப் பிரிந்தோம். யாரும் என்னைத் தடுத்து நிறுத்தவில்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். "படிக்கிற வயதில் எல்லாருக்கும் இருக்கிற ஆசைதான், குடும்பம் என்று ஆனால் போய்விடும்" என்று பெரியம்மா சொன்னார். போய்விட்டது என்று நானும் நம்பினேன்.

இங்கு வந்த முதல் ஆண்டு மொழி வகுப்பிலும், குடியிருப்பு அனுமதிக்கான காகிதங்களிலும், மகளுக்கு மழலையர் பள்ளியில் இடம் தேடுவதிலும், மாலை நான்கரைக்கே இருட்டிவிடும் குளிர்காலத்துக்குப் பழகுவதிலும் கழிந்தது. குப்பையை மஞ்சள், நீலம், பழுப்பு, கறுப்பு எனத் தனித்தனித் தொட்டிகளில் பிரித்துப் போடுவதையும், பிளாஸ்டிக் புட்டிக்கு 25 சென்ட் முன்பணம் கொடுத்து வாங்கி, காலிப் புட்டியைக் கடையிலுள்ள எந்திரத்தில் போட்டு அந்தப் பணத்தைத் திரும்பப் பெறுவதையும் ஒழுங்காகச் செய்தேன். ஆனால் அவற்றின் மேல் எனக்குப் பற்று எதுவும் ஏற்படவில்லை. புகுந்த வீட்டு அடுக்களையின் முறைகளைக் கற்றுக்கொள்வது போலக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான்.

எங்கள் குடியிருப்பிலிருந்து பதினைந்து நிமிட நடையில் எம்ஷர் என்னும் ஆறு ஓடுகிறது. பழையாற்றைப் போலவே உலக வரைபடத்தில் யாரும் தேடாத சிறிய ஆறு. நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்திருந்த இந்த ரூர் வட்டாரத்தில், கீழே தோண்டத் தோண்ட மேலே நிலம் அமிழ்ந்துகொண்டே இருந்ததால் பூமிக்கடியில் சாக்கடைக் குழாய் பதிக்க முடியவில்லை, பதித்தால் உடைந்துவிடும். ஆகவே ஆற்றையே நேராக்கி, சிமெண்டுக் கட்டுமானத்துக்குள் அடைத்து, ஊர்களின் கழிவையும் ஆலைகளின் கழிவையும் திறந்த வெளியில் அதில் விட்டார்கள். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் அது சாக்கடையாகவே கிடந்தது. சுரங்கத் தொழில் வடக்கே நகர்ந்து நிலம் அமிழ்வது நின்ற பிறகு, 1992இல் மீட்புப் பணியைத் தொடங்கி, கழிவுநீருக்கென்று 51 கிலோமீட்டர் நீளமுள்ள தனிக் குழாயை ஆழத்தில் பதித்து, 2021ஆம் ஆண்டின் முடிவில் ஆற்றைக் கழிவிலிருந்து விடுவித்தார்கள். முப்பது ஆண்டுகள் ஆயின. 500 கோடி யூரோவுக்கு மேல் செலவாயிற்று. எங்களுக்குக் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் மூதாட்டி, தன் சிறுவயதில் ஆற்றோரம் வேலியும் உயிருக்கு ஆபத்து என்ற பலகையும்தான் இருந்தன என்றும், பந்து உள்ளே விழுந்தால் அந்தப் பந்தை மறந்துவிட வேண்டியதுதான் என்றும் சொன்னார்.

சென்ற மார்ச் மாதத்தில் மகளோடு அந்தக் கரையில் நடந்துகொண்டிருந்தபோது, தண்ணீருக்கு மேல் தாழ்ந்திருந்த ஒரு கிளையிலிருந்து நீல நிறத்தில் ஏதோ பாய்ந்து, நீரைத் தொட்டு, திரும்பியது. நம் பழம்பாடல்களில் சிரல் என்று வரும் சிறிய மீன்கொத்தி. தேரூர்க் குளத்து மடையில் உட்கார்ந்திருக்குமே, அதே பறவை. ஐரோப்பாவிலிருந்து நம் நாடு வரைக்கும் ஒரே இனம். நூறு ஆண்டுகள் மலம் ஓடிய ஆற்றில் அது மீன் பிடிக்கிறது என்பதைப் பார்த்த அந்த நொடியில், நான் செத்துவிட்டதாக நினைத்திருந்த ஒன்று எனக்குள் அசைந்தது. அன்று இரவு அப்பாவிடம் பேசும்போது, ஒழுகினசேரிப் பாலத்துக்குக் கீழே பழையாறு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "ஆற்றுக்கு யார் போகிறார்கள் மகளே, ஆகாயத்தாமரையும் நாற்றமும்தான்" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு அமைதியில்லை. இங்கே என்னைச் சுற்றி எல்லாம் ஒழுங்காக இருப்பதால்தான் எனக்கு இந்த ஆசை திரும்பியிருக்கிறதா, ஊரில் இருந்திருந்தால் மீண்டும் சோர்ந்து போயிருப்பேனா என்று ஐயமாக இருக்கிறது. பழைய நண்பர்களிடம் பேசலாமென்றால், விட்டுவிட்டு ஓடியவள் இப்போது ஜெர்மனியிலிருந்து பாடம் நடத்துகிறாள் என்று தோன்றிவிடுமோ என்ற கூச்சம். வெளியே போன பிறகு இப்படி ஒரு பழைய பற்று உங்களில் யாருக்காவது திரும்பி வந்ததா? வந்திருந்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்தீர்கள்? பணம் அனுப்புவதைத் தவிர ஊருக்கு உண்மையிலேயே பயன்படக்கூடிய வேலை ஏதாவது இருக்கிறதா?

சோழன்திட்டை

மகளே, உன் பதிவை இரண்டு முறை படித்தேன். நான் பழையாற்று நீரில் பயிர் செய்கிற குடும்பத்தில் பிறந்தவன். பாசன வேலையில் முப்பது ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். உன் ஐயத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. ஒருவருக்கு நல்ல எண்ணம் எந்த ஊரில் வைத்து வந்தது என்று ஆறு கேட்காது.

ஆனால் இரண்டு ஆறுகளையும் ஒப்பிடும்போது ஒன்றை நீ கவனிக்க வேண்டும். நீ சொல்லும் ஆற்றில் கழிவைப் பிரித்துவிட்டால் வேலையின் பெரும்பகுதி முடிந்துவிடும் போலிருக்கிறது. பழையாறு அப்படிப்பட்டதன்று. சுருளக்கோட்டுப் பக்கம் தொடங்கி மணக்குடியில் கடலைச் சேரும் வரைக்கும் அது ஒரே ஓட்டமாக ஓடுவதில்லை. பறளியாற்று நீரைப் பாண்டியன் அணையில் மறித்து இந்தப் பக்கம் திருப்பிய காலத்திலிருந்து, வீரப்புலி, பள்ளிகொண்டான், சோழன்திட்டை என்று அணைக்கு அணை தங்கி, ஒவ்வோர் அணையிலும் வாய்க்கால் பிரிந்து, அந்தக் கால் குளத்தை நிறைத்து, குளம் மடை வழியாக வயலுக்குப் போய், வயலின் வடிநீர் மறுபடியும் ஆற்றுக்கோ அடுத்த குளத்துக்கோ வந்து சேரும் ஏற்பாடு அது. ஆகவே நகரத்தில் ஒரு தெருவின் கழிவு ஆற்றில் விழுந்தால், அது கடலுக்குப் போய்த் தொலைவதில்லை. அணையில் தேங்கி, காலில் ஏறி, குளத்தில் படிந்து, கும்பப்பூ நெல்லின் வேருக்கு வருகிறது. ஆகாயத்தாமரை அந்தக் கழிவைத் தின்றுதான் கொழுக்கிறது. அதை மட்டும் அள்ளுவது ஆண்டுதோறும் நடக்கிறது, ஆண்டுதோறும் திரும்பவும் மூடுகிறது.

வயல் குறைந்ததும் இதில் ஒரு காரணம். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகமும் விளைந்த இடத்தில் இப்போது வீட்டுமனைக் கல் நிற்கிறது. வயல் இல்லாத குளத்துக்கு மடையைத் திறக்க ஆளில்லை. ஆளில்லாத குளத்தில் மண் கொட்டுவது எளிது. நாங்கள் குளத்தைக் காப்பாற்றாமல் விட்டதற்கு அதிகாரிகளை மட்டும் சொல்லிப் பயனில்லை என்று நான் ஊர்க் கூட்டங்களிலேயே சொல்லியிருக்கிறேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். ஒரு பெரிய திட்டத்துக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு நடத்துவதென்றால் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்கும். முழு அறிக்கை ஆங்கிலத்தில், நூற்றுக்கணக்கான பக்கங்களில் இருக்கும். அந்த முப்பது நாளில் இங்கே நாங்கள் வயல் வேலை, கல்யாணம், மழை எல்லாவற்றுக்கும் நடுவில் அதைப் படித்து முடிப்பதில்லை. எந்தக் குளம் நில அளவைப் பதிவில் எந்த எண்ணில் இருக்கிறது, அறிக்கையில் அது குளம் என்று காட்டப்பட்டிருக்கிறதா தரிசு என்று காட்டப்பட்டிருக்கிறதா என்று ஒரு பொறுமைசாலி உட்கார்ந்து பார்த்து, நான்கு பக்கத்தில் நல்ல தமிழில் எழுதிக் கொடுத்தால், அந்த நான்கு பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் மேடையில் பேசுவோம். எழுத்து மூலமான கருத்தையும் அனுப்பலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி நீயும் கேட்கலாம். ஆனால் அது இந்தியக் குடிமக்களுக்கு உரியது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கினால் அந்த வாசல் அடைபடும். பணத்திலும் இதே கவனம் வேண்டும்: இந்தியக் குடிமகளாக உன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வேறு, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் இங்குள்ள ஓர் அமைப்புக்கு அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை, அதற்குத் தனி அனுமதி வேண்டும். நல்ல மனத்தோடு அனுப்பிய பணத்தால் ஒரு சிறிய அமைப்பு முடங்கிப் போகக் கூடாது.

எனக்கு ஒரு கேள்வி. அந்த ஆற்றுக்கான செலவை யார் கொடுத்தார்கள்? நீ அதை எழுதவில்லை. எங்களுக்கு மீன்கொத்தியை விட அது முக்கியம்.

தூத்தூர்க் கடல், பெர்கன்

அக்கா, எனக்கும் இது நேர்ந்தது. ஆனால் எனக்குத் திரும்பி வந்ததை ஆசை என்று சொல்ல முடியாது.

நான் தூத்தூர்ப் பகுதியைச் சேர்ந்த மீனவக் குடும்பம். எங்களூர் ஆட்கள் ஆழ்கடலில் தூண்டில் போட்டுச் சுறா பிடிப்பதில் பெயர் பெற்றவர்கள். 2017 நவம்பர் முப்பதாம் தேதி ஒக்கிப் புயலில் எங்கள் கரையிலிருந்து கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பவில்லை. என் சித்தப்பா மகனும் அவர்களில் ஒருவர். அதன் பிறகு கடல் என்ற சொல்லைக் கேட்கவே பிடிக்காமல்தான் பொறியியல் படிப்பை வைத்துக்கொண்டு வெளிநாட்டு வேலைக்கு அலைந்தேன். அலைந்து வந்து சேர்ந்த இடம் நார்வேயின் பெர்கன். ஜன்னலைத் திறந்தால் கடல். இங்கே மீன்பிடிக் கப்பல்களின் கருவிகளைப் பழுது பார்க்கிறேன்.

மூத்த சக ஊழியர் ஒருவர் தன் தகப்பனார் காலத்துக் கதையைச் சொன்னார். நவீன வலைகளாலும் மீன் தேடும் கருவிகளாலும் அளவில்லாமல் அள்ளியதில் 1960களின் இறுதியில் இந்தக் கடலின் ஹெர்ரிங் மீன் ஏறக்குறைய இல்லாமல் போய், அது தேறி வருவதற்கு இருபது ஆண்டுகள் பிடித்தன. 1987இல், வலையில் விழுந்த காட் மீனையும் ஹேடாக் மீனையும் விலை குறைவு என்று கடலில் திரும்பக் கொட்டக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தார்கள். பிடித்ததெல்லாம் கரைக்கு வந்தாக வேண்டும், கணக்கில் ஏறியாக வேண்டும். இதைக் கேட்டபோது எங்கள் துறையில் விசைப்படகுகள் கொட்டும் குஞ்சு மீன் குவியல் என் கண்முன் வந்தது. கோழித்தீவனத்துக்கு என்று ஏற்றிப் போவார்கள். சிறுவயதில் அந்தக் குவியலைக் கடந்துதான் பள்ளிக்குப் போவேன். பாட்டா, அதாவது என் தாத்தா, அதைப் பார்த்துவிட்டு, "அடுத்த வருசத்துச் சோற்றை இந்த வருசமே அள்ளிப் போடுகிறார்கள்" என்பார். அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். ஹெர்ரிங் கதையைச் சொல்ல நார்வேக்காரர்களுக்கு இருபது ஆண்டுகள் தேவைப்பட்டன. பாட்டா அதை ஒரு வாக்கியத்தில் சொன்னார்.

அதனால்தான் அக்கா, நாம் இலட்சியம் என்று எதைச் சொல்கிறோம் என்பதில் கவனமாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வெளிநாட்டில் பார்த்ததை ஊருக்குக் கொண்டு போகிறோம் என்று நினைத்தால், நீங்கள் அஞ்சுகிற அந்தப் பாடம் நடத்தும் தொனி தானாக வந்துவிடும். நம் மாவட்டம் ஒன்றிலேயே இரண்டு மீன்பிடித் தடைக்காலங்கள் நடைமுறையில் இருக்கின்றன: கிழக்குக் கரை ஊர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த அறுபத்தொரு நாளும் விசைப்படகுத் தொழிலாளி கரையில் நிற்கிறார், கடன் வாங்குகிறார், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் அதே ஜூன் மாதத்தில் வருகிறது. கடலுக்காக அவர் ஆண்டுதோறும் கொடுக்கும் இந்த விலையை, பெர்கனில் மாதச் சம்பளம் வாங்கும் நான் ஒருநாளும் கொடுத்ததில்லை.

நான் செய்தது சிறியது. ஊரில் கடலுக்குப் போகிறவர்களும் வெளிநாட்டில் இருக்கும் நாங்களும் சேர்ந்த ஒரு வாட்ஸ்அப் குழுவில், காற்று, அலை பற்றிய வானிலை எச்சரிக்கைகளை எளிய தமிழில் மாற்றிக் குரல் பதிவாகப் போடுகிறேன். ஒக்கியின்போது கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை என்பது எனக்குள் ஆறாமல் இருந்த புண். குஞ்சு மீனைப் பற்றி நான் இதுவரை அந்தக் குழுவில் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. சென்ற ஆண்டு அவர்களாகவே, நார்வேயில் வலைக்கண் எத்தனை பெரிது என்று கேட்டார்கள்.

மணக்குடிக் கழிமுகம்

ஊரில் இருக்கிறவளாக நான் கொஞ்சம் வெளிப்படையாகப் பேசுகிறேன், தங்கை. வருத்தப்பட வேண்டாம்.

நான் பள்ளி ஆசிரியை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக மணக்குடி, புத்தளம் உப்பளம், சுசீந்திரம், தேரூர் என்று பறவைகளை எண்ணி வருகிறேன். வெளிநாடு போனவர்கள் எனக்கு அனுப்புவது பெரும்பாலும் ஐரோப்பிய ஆறுகளின் காணொளிகள். என்னிடம் கேட்பது பூநாரைப் படங்கள். இரண்டுக்குமே நான் இப்போது பதில் அனுப்புவதில்லை. ஆனால் உங்கள் பதிவில் ஒரு சொல்லைப் பார்த்தவுடன் எழுந்து உட்கார்ந்தேன். குறிப்பேடு.

அது எங்கே இருக்கிறது?

ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன். சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. பட்டியலில் சேர்ந்ததால் மட்டும் ஒரு குளம் பிழைத்துவிடாது. இதற்கு முன்பு இங்கே என்ன இருந்தது, எது குறைந்தது, எப்போதிலிருந்து குறைந்தது என்று யாராவது கேட்டால் காட்டுவதற்குக் கணக்கு வேண்டும். ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு இருக்கிறது. பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பு இருக்கிறது. அவை ஆண்டுக்கு ஒரு முறை. நீங்கள் ஏழு பேரும் மார்கழி தையில் அடுத்தடுத்துப் போய் எண்ணியிருக்கிறீர்கள், அதுவும் மண் கொட்டுவதற்கு முந்திய ஆண்டுகளில். அந்தக் குளங்களின் அன்றைய நிலை வேறு யார் கையிலும் எழுத்தில் இல்லாமல் இருக்கலாம். மனுவுக்குப் பதில் வராததால் உங்கள் உழைப்பு வீணானது என்று நினைத்துவிட்டீர்கள். அந்த மனுவோடு உங்கள் எண்ணிக்கையை யாரும் இணைக்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

என்னிடமும் பதினோரு குறிப்பேடுகள் இருக்கின்றன, கைப்பட எழுதியவை, சில மழையில் நனைந்தவை. நாள், நேரம், இடம், பறவை, எண்ணிக்கை என்று பிரித்து, ஈபேர்ட் போன்ற, பறவைக் கணக்குகளுக்கான பொது இணையத்தளத்தில் ஏற்றினால், உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், வழக்கறிஞர் எடுக்கலாம், ஆய்வு மாணவர் எடுக்கலாம். பள்ளியும் வீடும் போக எனக்கு மாலையில் அரை மணி நேரம் கிடைப்பதே பெரிது. நான்கு ஆண்டுகளாக இரண்டு குறிப்பேடுகளுக்கு மேல் நகரவில்லை. இது அலுப்பான வேலை. யாரும் பாராட்டமாட்டார்கள். ஆனால் டோர்ட்முண்டில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை.

நீங்கள் ஐயப்பட்டதற்கும் ஒரு சொல். சோர்ந்து போயிருப்பேனா என்று கேட்கிறீர்கள். நானும் சோர்கிறேன், தங்கை. ஒரு ஜனவரியில் மணக்குடியில் பூநாரைகளே வரவில்லை. கரையில் உட்கார்ந்து சுழியம் என்று எழுதிவிட்டு வந்தேன். அந்தச் சுழியமும் கணக்குதான் என்று மறுநாள் பிள்ளைகளுக்கு வகுப்பில் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் தெம்பு வந்தது.

தோவாளைக்காரன், சிங்கப்பூர்

சுருக்கமாக ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். நான் வாழும் ஊரிலும் ஆறு மீண்ட கதை உண்டு. 1977இல் தொடங்கிய சிங்கப்பூர் ஆற்றின் தூய்மைப் பணி 1987இல் முடிந்தது. இன்று அந்தக் கரையில் உட்கார்ந்து காற்று வாங்குகிறோம். ஆனால் அந்தப் பத்து ஆண்டுகளில் கரையோரக் குடிசைகள், தெருவோர உணவு வணிகர்கள், பன்றிப் பண்ணைகள், சரக்குப் படகுகள் எல்லாம் அங்கிருந்து அகற்றப்பட்டன. பலருக்கு வீடும் கடையும் மாற்றாகக் கிடைத்தன. பழைய தொழிலை அத்தோடு விட்டவர்களும் இருந்தார்கள்.

பழையாற்றைச் சுத்தம் செய்வது என்று பேச்செடுத்தால் நம் ஊரிலும் முதலில் அளவை நாடா பிடிக்கப்படுவது கரையில் குடிசை போட்டிருப்பவரின் வாசலில்தான் என்பதை நான் என் ஊர்க் கால்வாய்க் கரையிலேயே பார்த்திருக்கிறேன். மாடி வீட்டின் கழிவுக் குழாய் அப்படியே இருந்தது. சோழன்திட்டை ஐயா எழுதச் சொல்லும் நான்கு பக்கத்தில் இதற்கும் ஓர் இடம் இருக்கட்டும்.

குளத்தங்கரை, டோர்ட்முண்ட்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாட்களாக இவற்றையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

சோழன்திட்டை ஐயா, உங்கள் கேள்விக்காக நூலகத்துக்குப் போய்ப் படித்தேன்; என் அரைகுறை ஜெர்மன் மொழியில் புரிந்த வரைக்கும் எழுதுகிறேன். 1899இலேயே இந்த ஆற்றுக்கென்று ஒரு கூட்டுச் சங்கத்தை ஏற்படுத்தியிருக்கிறார்கள். ஆற்றங்கரை நகராட்சிகளும் சுரங்கங்களும் ஆலைகளும் அதில் உறுப்பினர்கள். கழிவை விடுகிறவர் அதற்கேற்பப் பங்கு கட்ட வேண்டும். ஆற்றைச் சாக்கடையாக்கியதும் அந்தச் சங்கம்தான், மீட்டதும் அந்தச் சங்கம்தான். மீட்புக்கு உறுப்பினர்களின் கட்டணத்தோடு அரசு நிதியும் ஐரோப்பிய நிதியும் சேர்ந்திருக்கின்றன. ஊற்றிலிருந்து ரைன் ஆற்றில் கலக்கும் இடம் வரைக்கும் முழு ஆற்றுக்கும் ஒரே பொறுப்பாளர் இருக்கிறார் என்பதுதான் எனக்கு வியப்பாக இருந்தது. அணைக்கு அணை கோத்த நம் ஆற்றுக்கு அப்படி ஒருவர் இருந்தால், மேல் அணைக்காரர் விட்ட கழிவைப் பற்றிக் கீழ் அணைக்காரர் கேட்க ஓர் இடம் இருக்கும் அல்லவா?

சிங்கப்பூரிலிருந்து அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இதே ஊரில் எம்ஷரை ஒட்டிப் பீனிக்ஸ் என்று ஓர் அழகான ஏரி இருக்கிறது. மகளைப் படகு பார்க்க அழைத்துப் போவேன். அது இருக்கும் இடத்தில் முன்பு உருக்காலை இருந்தது. 2001இல் அதை மூடி, பகுதி பகுதியாகப் பிரித்துக் கப்பலில் ஏற்றிச் சீனாவுக்கு விற்றுவிட்டார்கள். புகை இந்த ஊரை விட்டுப் போனது. உலகத்தை விட்டுப் போகவில்லை. அந்த மீன்கொத்தியைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி பொய்யில்லை, ஆனால் அதற்குப் பின்னால் இதுவும் இருக்கிறது என்று தெரிந்துகொண்டே அந்தக் கரையில் நடக்க விரும்புகிறேன்.

தூத்தூர்த் தம்பி, உன் பாட்டாவின் சொல்லை மகளுக்குச் சொன்னேன். அவளுக்கு அது புரியும் வயதில்லை. என் கணவருக்குப் புரிந்தது. நீண்ட நேரம் பேசாமல் இருந்தார்.

மணக்குடி அக்கா, நேற்று இரவு அப்பாவிடம் பேசினேன். மச்சில் என் கல்லூரிப் புத்தகங்கள் கிடக்கும் தகரப் பெட்டியில் தேடச் சொன்னேன். இரண்டு குறிப்பேடுகள் கிடைத்திருக்கின்றன, ஒன்றைக் கரையான் ஓரத்தில் அரித்திருக்கிறது, எழுத்து தப்பியிருக்கிறது. மூன்றாவது ஒன்று இருந்தது. அது எங்கள் குழுவில் வேறொருத்தியிடம் இருக்க வேண்டும். ஆறு ஆண்டுகளாக அவளோடு பேசவில்லை. இன்று காலை அவளுக்கு எழுதிவிட்டேன். உங்கள் பதினோரு குறிப்பேடுகளில் மீதி ஒன்பதையும் நான் எடுத்துக்கொள்கிறேன். மகள் தூங்கிய பிறகு எனக்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் இருக்கிறது. பறவையின் பெயரில் ஐயம் வந்தால் உங்களைக் கேட்டுத்தான் ஏற்றுவேன்.

மணக்குடிக் கழிமுகம்

அப்பாவிடம் அந்தப் பெட்டியை மச்சிலேயே திரும்ப வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வேப்பிலை போட்டு ஒரு துணிப்பையில் கட்டி வைக்கட்டும். வரும் சனிக்கிழமை தேரூர்ப் பக்கம் வருகிறேன், நானே வாங்கிக்கொண்டு என்னுடையவற்றோடு சேர்த்துப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்புகிறேன். முதல் குறிப்பேட்டில் நான் "சிறகி" என்று மட்டும் எழுதியிருக்கும் இடங்கள் நிறைய இருக்கும், அப்போது எனக்கு இனம் பிரிக்கத் தெரியாது. அவற்றை நீலச்சிறகி என்று ஊகித்து ஏற்ற வேண்டாம். வாத்து வகை என்று மட்டும் போடுங்கள்.